தண்ணிக் கப்பலுக்கு ஒரு தபால்தலை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த வீட்டில் மின்விசிறி ஓடாது. வில்லியனூர் மாதா கோயில் பூசை முடிந்து ஒதியம்பட்டுக்குத் திரும்பி, நாலு இட்லியைச் சாப்பிட்டுக் கைகழுவி, கையின் ஈரம் முழுக்கக் காயும்வரை காத்திருந்து, ஜெயசீலன் கட்டிலின் மேல் பழைய வேட்டியை விரித்து ஆல்பத்தைத் திறப்பார். அவர் திறப்பதற்கும் சகாயராணி எழுந்துபோய் விசிறியை நிறுத்துவதற்கும் சரியாக இருக்கும். தபால்தலைக்குக் கனம் கிடையாது. ஒருமுறை காற்றில் எழும்பிப்போன நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து விளக்குமாற்றால் தள்ளி எடுத்தாள். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

சித்திரை வெயிலிலும் அப்படித்தான். முந்தானையால் விசிறிக்கொண்டே கறிக்கு வெங்காயம் உரிப்பாள். "கப்பக்காரன கட்டிக்கினா கடக்காத்து வரும்னு பாத்தா, வூட்டுல இருக்கிற காத்தும் போச்சு" என்பாள். அவர் பதில் சொல்லமாட்டார். இடுக்கியின் நுனியில் ஒரு போர்க்கப்பல் தொங்கிக்கொண்டிருக்கும்போது பதில் சொல்வது எப்படி?

இப்போது கொஞ்ச காலமாக ஞாயிறுகளிலும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. வியர்வை இல்லை. கழுத்துச் சங்கிலி ஒட்டிக்கொள்வதில்லை. அந்தக் காற்று அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜெயசீலன் கடற்படையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்று, அதிலும் ஓய்வு பெற்றுவிட்டார். கடற்படை என்றதும் பீரங்கி, குண்டு என்று யாராவது கற்பனை செய்துகொண்டால் அவரே மெதுவாகத் திருத்திவிடுவார். அவர் இருந்தது தண்ணீர் சுமக்கும் கப்பல். துறைமுகத்தில் நன்னீரை நிரப்பிக்கொண்டு வெளியே நங்கூரமிட்டிருக்கும் பெரிய கப்பல்களின் அருகே போய், குழாயை நீட்டி, அவர்கள் குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் கொடுத்துவிட்டுத் திரும்புவது அதன் வேலை. குட்டையாக, வயிறு பெருத்து இருக்கும். அதற்கு ஒரு பெயர் உண்டு. அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. "நம்ம கப்பல்" என்பதோடு சரி.

ஊரில் அதையும் விடவில்லை. சாராயக்கடைப் பக்கம் நிற்பவர்கள், "இன்னாண்ணே, தண்ணிக் கப்பல்ல வேலயாம்? எங்களயும் இட்டுக்கினு போயிருக்கலாமே, சம்பளமே வாணாம்" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பார்.

கப்பலில் இருந்த காலத்தில்தான் தபால்தலை சேர்க்கும் பழக்கம் வந்தது. வேறு எதையும் சேர்க்கவில்லை, கடற்படைக் கப்பல்களை மட்டும். அறுபத்தெட்டில் வந்த நீலகிரி, விமானங்களைச் சுமந்த விக்ராந்த், உலகத்தைச் சுற்றிவந்த பாய்மரக் கப்பல் தரங்கிணி என்று, ஒரு நாட்டின் கடல் சரித்திரமே அந்த ஆல்பத்தில் விரல் நகம் அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் காலி. அதில் பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் கடற்படை நாள் கழிந்ததும் பாண்டிச்சேரி பெரிய தபால் நிலையத்துக்குப் போய், "புதுசா கப்பல் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு வருவார். தண்ணிக் கப்பலைத் தபால்தலையில் யார் போடப்போகிறார்கள்? அவருக்கும் தெரியும். ஆனாலும் சதுரத்தை அழிக்கவில்லை.

இந்த வேலையில் சகாயராணிக்கும் ஒரு பங்கு இருந்தது. கடித உறையிலிருந்து தலையைப் பிரித்தெடுப்பது அவள்தான். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, வெட்டிய உறைத்துண்டை மிதக்கவிட்டு, பசை இளகும் நேரம் பார்த்து உரித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அரிசி மூட்டையின் கீழ் அழுத்திவிடுவாள். புதுத் தலைகள் தாளோடு வந்தால், சுற்றியிருக்கும் வெற்று ஓரத்தை மடித்து, நகத்தால் நீவி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் கோட்டில் ஒரு பல்கூடச் சிதையாமல் கிழித்துக் கொடுப்பாள். அந்தக் கை அவருக்கு வராது. அவர் அதைச் சொன்னதில்லை. சொல்லாமலே தாளை அவள் பக்கம் நகர்த்துவார்.

ஆவணியில் ஒருநாள் அவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வைத்திருக்கும் வாட்சப் குழுவில் யாரோ போட்டது. ஏதோ ஒரு கடற்கரையில், சேற்றில், அந்தக் குண்டு வயிற்றுக் கப்பல் பாதியாக வெட்டப்பட்டுக் கிடந்தது. உள்ளே தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் திறந்து, வெயில் விழுந்திருந்தது. அவர் அந்தப் படத்தை அவளிடம் காட்டினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். மரம் நனைந்து, பாத்தி நிறைந்து, தண்ணீர் வாசல்வரை வந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு ஆல்பம் திறக்கப்படவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

அவர் எப்போதுமே பேசாத மனிதர்தான். ஆனால் பேசாமல் இருப்பதிலும் வித்தியாசம் உண்டென்று அவளுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் அவருடைய மௌனம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு மாவு பிசையலாம், ஜெபமாலை உருட்டலாம், தூங்கிக்கூடப் போகலாம். இப்போது மௌனம் வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. ஆள் மட்டும் கட்டிலில் இருந்தார். தவளக்குப்பத்திலிருந்து இருசப்பன் போன் செய்தபோதும் எடுக்கவில்லை. இருசப்பன் அதே கப்பலில் அவரோடு குழாய் பிடித்தவர். முழங்கால் போனபின் வெளியே வருவதில்லை. போன் அடித்து அடித்து நின்றது. ஜெயசீலன் அது நிற்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ரோஸ்லின்தான் யோசனை சொன்னாள். பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்ப்பவள், வாரத்துக்கு ஒருமுறை வந்து போவாள்.

"ம்மா, போஸ்ட் ஆபீஸ்லயே நம்ம போட்டோவ ஸ்டாம்ப்புல அடிச்சுத் தராங்க. அப்பாவும் இருசப்பன் மாமாவும் கப்பல் முன்னாடி நிக்கிற படம் கீதில்ல, அத குடுத்துப் போடலாம்."

"வாய மூடுடி. அவருக்கு அதெல்லாம் ஆவாது."

"இன்னா ஆவாது?"

"கலைவேந்தன் கல்யாணத்துல இன்னா சொன்னாருன்னு மறந்துட்டியா?"

பக்கத்து வீட்டுக் கலைவேந்தன் தன் கல்யாணப் பத்திரிகையின் உறையில் மாப்பிள்ளை பெண் படம் போட்ட தபால்தலையை ஒட்டி, ஜெயசீலன் மாமா சந்தோஷப்படுவார் என்று முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஊரு கூப்புட்டு மால போட்டா அது மரியாத, மாப்ள. நாமளே காசு குடுத்து வாங்கி நம்ம கழுத்துல போட்டுக்கலாமா?" என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். பையன் முகம் சுருங்கிப் போனது.

ஆனாலும் ரோஸ்லின் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சகாயராணி தடுக்கவுமில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது கைப்பைக்குள் ஒரு தாள். அதில் வரிசையாக அதே படம். வெள்ளை உடுப்பில் இரண்டு இளைஞர்கள், மீசை சரியாக முளைக்காத ஜெயசீலன், தொப்பியைக் கோணலாக வைத்த இருசப்பன், அவர்களுக்குப் பின்னால் குண்டுக் கப்பலின் மூக்கு. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு பூப்படம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சகாயராணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதை அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? கண்ணாடியை எடுப்பார், பார்ப்பார். கலைவேந்தனிடம் சொன்னதைக்கூட இந்தத் தடவை சொல்லமாட்டார். மடித்துத் தலையணை அடியில் வைத்துவிடுவார். கப்பலுக்குக் கிடைக்காத மரியாதையைப் பெண்டாட்டியும் பிள்ளையும் கடையில் வாங்கி வந்தார்கள் என்று ஆகிவிடும். அதற்கு மேல் அந்த ஆல்பம் என்றைக்கும் திறக்காது.

தாளைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். இரண்டு நாள் நடமாடிக்கொண்டே யோசித்தாள். அவர் ஒரு காரியத்தை மட்டும் மதிப்பார். கடையில் வாங்கிப் பளபளவென்று வைத்திருக்கும் தலையைவிட, அஞ்சலில் போய்வந்த, முத்திரை விழுந்த, மூலை மங்கிய தலைதான் அவருக்குப் பெரிது. "முத்திர விழாதது கரையிலயே கட்டிக் கிடக்கிற கப்பலு" என்பார். அப்படியானால் இதையும் ஒருமுறை போய்வரச் செய்தால்? அவருடைய பேருக்கே போடலாம். ஆனால் அவள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

இருசப்பனுக்குப் போட்டாள். 'அண்ணே, நீங்கள் நலமா. இவர் யாரோடும் பேசுவதில்லை. கப்பலை உடைத்ததிலிருந்து இப்படி. முத்திரை விழுந்த இந்த உறையைக் கிழியாமல் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்' என்று எழுதி மடித்தாள். பிறகு தாளை எடுத்தாள். கப்பலுக்குப் பக்கத்திலிருந்த பூவைப் பார்த்தாள். பணம் கட்டியது கப்பலுக்கு, இந்தப் பூவை யார் கேட்டது? இத்தனை வருஷம் ஓரம் கிழித்த கை. மடித்தாள், நகத்தால் நீவினாள், ஒரு பல்கூடச் சிதையாமல் பூவைப் பிரித்தெடுத்தாள். அழகாகத்தான் இருந்தது, எறிய மனமில்லாமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். கப்பலை மட்டும் உறையின் வலது மூலையில் நேராக ஒட்டி, வில்லியனூர் போகும்போது தபால் பெட்டியில் போட்டாள். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டபோது சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு காத்திருப்பு. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். ஜெயசீலன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஞாயிறு வந்தது. பூசைக்குப் போய்வந்தார்கள். இட்லி சாப்பிட்டார்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து அதன் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஆள் இறங்குமுன்பே குரல் இறங்கியது.

"டேய் சீலா! கீறியா, போய்ச் சேந்துட்டியா? போன எடுத்தா உனுக்கு இன்னாடா காசு போவுது?"

இருசப்பன் ஒரு கையில் தடியும் மறு கையில் ஆட்டோக்காரர் தோளுமாகப் படியேறினார். ஜெயசீலன் எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்கார்றது இருக்கட்டும். மொதல்ல நாயத்தக் கேளு. உன் பொஞ்சாதி ஸ்டாம்ப்பு ஒட்டாத கவர எனக்கு அனுப்பி, தபால்காரன்கிட்ட தண்டம் கட்ட வெச்சிட்டா."

சகாயராணி முன்னால் வந்தாள். "ஒட்டாமலா? நான்தான அண்ணே என் கையால ஒட்டினேன்!"

"ஒட்டின. செல்லாதத ஒட்டின. இது வெறும் படமாம், அசல் ஸ்டாம்ப்பு இதுக்குப் பக்கத்துல ஒட்டிக்கினு இருக்குமாம். தபால்காரன் சொல்றான். நானும், எவனோ வேல மெனக்கெட்டவன், எனக்கு வாணாம் எடுத்துக்கினு போய்யான்னு சொல்லிட்டேன். அவன் திரும்புறான், அப்புறம் பாத்தா கவரு மேல நானே நிக்கிறேன்! தொப்பிய கோணலா வெச்சிக்கினு. பக்கத்துல நீ. என்னயே நான் எப்புடிம்மா திருப்பி அனுப்புறது?"

பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். முத்திரை கப்பலின் மேல் விழவே இல்லை. தள்ளி, உறையின் நடுவில் விழுந்திருந்தது. கப்பலைச் சுற்றி யாரோ பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தண்டத் தொகையைக் கிறுக்கியிருந்தார்கள். கணக்கில் பிழை போட்ட பிள்ளையின் விடையைச் சுற்றி வாத்தியார் போடுவாரே, அந்த மாதிரி வட்டம். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கப்பலுக்கு மரியாதை தேடப்போக, இது கணக்கில் சேராது என்று எழுத்திலேயே வாங்கி வந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "பூவு படம் ஓரம்னு நெனச்சிக் கிழிச்சிட்டேன். ரோஸ்லின் மேல தப்பு இல்ல. உங்களுக்குப் புடிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் நான்தான்..."

ஜெயசீலன் உறையைத் தொடவில்லை. சட்டையில் கையைத் துடைத்தார். அலமாரிக்குப் போய்ப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கிழிச்சது எங்க?" என்றார்.

ஜெபப் புத்தகத்திலிருந்து பூவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இடுக்கியால் பிடித்துக் கப்பலின் அருகே கொண்டுபோனார். இரண்டின் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தின.

"ஒரு பல்லு போவல" என்றார், தனக்குத்தானே. பிறகு அவளைப் பார்த்து, "இது ரெண்டும் சேந்தாத்தான் செல்லும். நீ கப்பல மட்டும் தனியா அனுப்பியிருக்க."

"தனியா வந்தாலும் வந்துச்சில்லடா" என்றார் இருசப்பன். "ஒதியம்பட்டுல கெளம்பி, எங்கெங்கயோ சுத்தி, தவளக்குப்பம் வந்து கர தட்டிச்சி. டிக்கெட்டு இல்லாம."

ஜெயசீலனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் ஓரடி எடுத்துவைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் கண் நனைந்திருந்தது.

ஆல்பத்தை எடுத்து வேட்டியை விரித்தார். கடைசிப் பக்கத்தின் பென்சில் சதுரத்துக்குத்தான் போகப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். குடியரசுத் தலைவர் கடற்படையைப் பார்வையிட்டபோது, எண்பத்து நாலில் வெளியிட்ட தலைகள்.

"அன்னிக்கி நாம எங்கடா இருந்தோம்?" என்றார்.

"எங்க இருந்தோம்? உள்ள, தொறமொகத்து ஜெட்டியில. முந்தின நாளு பூரா ஒவ்வொருத்தனுக்கா தண்ணி குடுத்துட்டுக் கையி வுட்டுப்போயி கெடந்தோம். அவுங்கல்லாம் கொடி கட்டிக்கினு வரிசையா நின்னானுங்க. நீ குழாய நெஞ்சோட கட்டிக்கினு தூங்கின."

"வரிசையில நின்ன எல்லாம் நம்ம தண்ணிய குடிச்சதுதான்."

"பின்ன? குடிச்சிட்டு ஒருத்தனாவது நிமுந்து பாத்தானா?"

ஜெயசீலன் கட்டிலடியிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து, நான்கு முனையிலும் மூலைத்தாள் ஒட்டி, உறையை அதில் செருகினார். வட்டம் போட்ட கப்பல், தண்டக் கிறுக்கல், சகாயராணியின் கையெழுத்தில் இருசப்பனின் விலாசம், எல்லாம் அப்படியே தெரியும்படி. அந்தத் தாளை விக்ராந்தும் மற்றவையும் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வைத்தார். பிரிந்த பூவை என்ன செய்வது என்று கொஞ்சநேரம் இடுக்கியில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அவளிடமே நீட்டினார்.

"புஸ்தகத்துலயே வெச்சிக்க" என்றார். "மீதி தாளு இருக்குமே, அத கொண்டா."

"மீதியா? எதுக்குங்க?"

"குரூப்புல பசங்க இருக்கானுங்க. அட்ரஸ் கேக்கணும். ஆளுக்கு ஒண்ணு போட்டு வுடலாம்." சற்று நிறுத்தி, "இந்தத் தடவ பிரிக்காத" என்றார்.

"அவளத் திட்டாதடா. பிரிச்சதாலதான் நான் வந்தேன்" என்றார் இருசப்பன். "ஒழுங்கா ஒட்டியிருந்தா கவர வாங்கி டிவி மேல வெச்சிட்டுத் தூங்கியிருப்பேன். தண்டம் கட்டினதாலதான சண்டைக்கு வந்தேன்."

சகாயராணி துணிகளுக்கு அடியிலிருந்து தாளை எடுத்துவந்தாள். கட்டிலின் மேல் வைத்ததும் அது விசிறிக் காற்றில் ஒரு மூலை எழும்பிப் படபடத்தது. ஜெயசீலன் சட்டென்று உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தலையைத் தூக்கினார். முதலில் விசிறியை, பிறகு அவளை.

அவர் சொல்லட்டும் என்று ஒரு நொடி நின்றாள். பிறகு போய் விசிறியை நிறுத்தினாள்.

இறக்கைகள் மெல்ல ஓய்ந்தன. "ஏம்மா, புழுங்குதே" என்றார் இருசப்பன்.

"புழுங்கட்டும் அண்ணே" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு வெங்காயக் கூடையை இழுத்தாள் சகாயராணி.